ஆச்சி வீட்டுக் குழு: யாழினிக்குப் புதன்கிழமை

சரவணன்: எல்லோருக்கும் ஒரு செய்தி. யாழினிக்கு இதயத்தில் ஓட்டை இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு வந்த மருத்துவக் குழு சந்தேகப்பட்டு அனுப்பியது. எக்கோ ஸ்கேனில் ஓட்டை 14 மி.மீ. என்று வந்திருக்கிறது. புதன் காலை சிகிச்சை. செவ்வாய் மதியமே மதுரையில் சேர்க்க வேண்டும். ஓ பாசிட்டிவ் இரத்தம் கொடுக்க இரண்டு பேர் தயாராக இருந்தால் நல்லது.

செல்வி அத்தை: ஐயோ முருகா

இசக்கி: நான் ஓ பாசிட்டிவ்தான். வருகிறேன் அண்ணே

கணபதி பெரியப்பா: செவ்வாய் நம் கோயில் கொடைத் திருவிழா.

கணபதி பெரியப்பா: எக்கோ எப்போது எடுத்தது?

சரவணன்: போன வியாழன்

கணபதி பெரியப்பா: ஒரு வாரம் ஆகிவிட்டது. கிணற்றுத் தோட்டம் விற்றபோதும் எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது.

கவிதா: மாமா, நான் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவே இல்லை. யாரிடமும் பேச வாய் வரவில்லை. தப்பாக நினைக்காதீர்கள்.

முருகேசன் மாமா: நெஞ்சைத் திறப்பார்களா? எனக்கு 89இல் செய்தார்கள். மூன்று மாதம் புரண்டு படுக்க முடியவில்லை

செல்வி அத்தை: பெண் பிள்ளை. நெஞ்சில் தழும்பு விழுந்தால் நாளைக்கு

செல்வி அத்தை: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

மல்லிகா: அத்தை, திறக்கவே மாட்டார்கள். நான் இதயத்துக்குக் குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் கேத் லேபில்தான் வேலை பார்க்கிறேன், தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். தொடை இடுக்கில் உள்ள சிரையில் ஒரு ஊசித் துளை போடுவார்கள். அது வழியாக மெல்லிய குழாயை இதயத்தின் வலது மேலறைக்குக் கொண்டுபோய், ஓட்டை வழியாகவே இடது மேலறைக்குள் நுழைப்பார்கள். குழாய்க்குள் ஒரு கம்பி வலைக் கருவி சுருங்கி இருக்கும். நம் கோயில் உடுக்கை மாதிரி இரண்டு பக்கம் வட்டமாக விரிந்து நடுவில் குறுகியிருக்கும். முதலில் இடது பக்க வட்டத்தை விரித்து, இரண்டு மேலறைக்கும் நடுவில் உள்ள சுவரோடு ஒட்ட இழுப்பார்கள், அப்புறம் வலது பக்கம். ஓட்டை நடுவில் அடைபட்டுவிடும். எக்கோவில் பார்த்து, லேசாக இழுத்தும் பார்த்து, சரியாக உட்கார்ந்த பிறகுதான் கருவியைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றுவார்கள். சரியில்லை என்றால் அதற்கு முன்பே உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

இசக்கி: உடுக்கை 🙏

கணபதி பெரியப்பா: புதிதாகக் கண்டுபிடித்ததா? பிள்ளை மேல் சோதனை வேண்டாம்.

மல்லிகா: புதிதில்லை பெரியப்பா. 1970களின் நடுவிலேயே அமெரிக்காவில் கிங், மில்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் செய்துவிட்டார்கள். நான் சொன்ன உடுக்கை வகைக்கு அங்கே 2001இல் அனுமதி கொடுத்தார்கள். எல்லா ஓட்டைக்கும் இது சரிவராது. சுவரின் நடுவில் இருந்து, சுற்றிலும் கருவி பிடித்துக்கொள்ளப் போதுமான விளிம்பு இருக்க வேண்டும். யாழினிக்கு அப்படி இருக்கிறது, அறிக்கை பார்த்தேன்.

கணபதி பெரியப்பா: உனக்கும் முன்பே தெரியும்.

மல்லிகா: 🙏

செல்வி அத்தை: பிள்ளை நன்றாகத்தானே ஓடி விளையாடுகிறாள். கொடை முடிந்து ஆவணியில் செய்தால் என்ன?

மல்லிகா: ஒரு மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது அத்தை, அது உண்மை. ஆனால் இந்த அளவு ஓட்டை இனித் தானாக மூடாது. இடது பக்க இரத்தம் வலது பக்கம் கசிந்து நுரையீரலுக்குக் கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும். வலது பக்கம் ஏற்கனவே கொஞ்சம் வீங்கியிருக்கிறது. சின்ன வயதில் தெரியாது. முப்பது, நாற்பதில் மூச்சு வாங்கும், துடிப்பு தாறுமாறாகும். நுரையீரலில் அழுத்தம் ரொம்ப ஏறிவிட்டால் அப்புறம் மூடவும் முடியாமல் போகலாம்.

முருகேசன் மாமா: காப்பீட்டு அட்டை இருக்கிறதா

சரவணன்: முதலமைச்சர் காப்பீட்டில் பதிந்தாயிற்று. வருமானச் சான்றிதழுக்குத்தான் விஏஓவிடம் மூன்று நாள் நடந்தேன்

கணபதி பெரியப்பா: கொடை வரி 2000. நான்கு வீடு இன்னும் பாக்கி. பெயர் சொல்லவில்லை.

முருகேசன் மாமா: நாளைக்குத் தருகிறேன்

சரவணன்: ஆச்சியிடம் இப்போது சொல்ல வேண்டாம். தாங்க மாட்டார்

செல்வி அத்தை: தெரிந்துவிட்டது. முருகேசன் அனுப்பிய குரல் பதிவைப் போட்டேன், பக்கத்தில்தான் இருந்தார்கள்

செல்வி அத்தை: 🎤 0:48

சரவணன்: பேருந்தில் இருக்கிறேன், கேட்கவில்லை. எழுதுங்கள் அத்தை

செல்வி அத்தை: அழவில்லை. என்னவோ கம்பி வைக்கிறார்களாமே, போன கொடைக்கு நான் வாங்கிக் கொடுத்த கவரிங் கம்மலுக்கே பிள்ளை காது புண்ணாகி நீர் வடிந்ததே, உள்ளே கம்பி எப்படி ஒத்துக்கொள்ளும் என்று கேட்கிறார்கள்

மல்லிகா: மதினி இது உண்மையா??

கவிதா: ஆமாம். தங்கக் கம்மல் மாற்றிய பிறகுதான் ஆறியது. வெயில் என்று நினைத்தேன்

மல்லிகா: இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் கம்பி நிட்டினால், நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. கவரிங் நகையில் பலருக்கு ஒவ்வாதது நிக்கல்தான். தோலில் ஒவ்வாமை இருந்தும் இந்தக் கருவி வைத்து நன்றாக இருப்பவர்கள் நிறைய உண்டு, பயப்பட வேண்டாம். ஆனால் அவருக்குத் தெரியாமல் வைக்கக் கூடாது. நான் எல்லாம் கேட்டேன், இதை மட்டும் கேட்கவில்லை. ஆச்சிதான் கேட்டார்கள்.

கணபதி பெரியப்பா: அம்மாவிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

சரவணன்: ஆமாம் பெரியப்பா

இரவு 9:12

கவிதா: பேசிவிட்டோம். திங்கள் காலை தோல் மருத்துவரிடம் காட்டி வரச் சொல்கிறார். புதன்கிழமையா இல்லையா என்று அப்புறம் சொல்வாராம்

செல்வி அத்தை: தள்ளிப்போனால் கொடைக்கு இருப்பீர்கள்

கணபதி பெரியப்பா: கொடையைப் பற்றி யாரும் பேச வேண்டாம். படையல் நான் பார்த்துக்கொள்கிறேன். புதன் என்றால் நானும் மதுரை வருவேன்.

முருகேசன் மாமா: படையல் போட்டு விடிய ஆகுமே, எப்படி வருவீர்கள்

கணபதி பெரியப்பா: வருவேன்.

கவிதா: மல்லிகா, வீட்டுக்கு வந்த பிறகு என்னென்ன பார்க்க வேண்டும்?

மல்லிகா: முதல் சில மணி நேரம் கால் மடக்காமல் படுக்க வேண்டும், அதுதான் அவளுக்குக் கஷ்டம். ஒன்றிரண்டு நாளில் வீடு. ஒரு மாதம் ஓட்டம், குதி கூடாது. சுமார் ஆறு மாதம் ஆஸ்பிரின். அதற்குள் வலை மேல் தோல் மாதிரி சதை மூடிவிடும். அந்த ஆறு மாதத்தில் பல் பிடுங்குவது ஏதாவது வந்தால் முன்கூட்டியே சொல்லி ஆன்டிபயாடிக் போட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பிற்பாடு கல்யாணம், பிள்ளைப்பேறு எதற்கும் தடை இல்லை. செல்வி அத்தை, அழித்த செய்தியைப் பார்த்துவிட்டேன் ❤️

செல்வி அத்தை: என் வாய்தான்

கவிதா: உடுக்கை என்று சொன்னதும் உள்ளே சத்தம் கேட்குமா என்கிறாள்

மல்லிகா: கேட்காது தங்கம். அத்தை லீவு போட்டு வருகிறேன்

இசக்கி: செவ்வாய் கார் எத்தனை மணிக்கு? ராஜபாளையம் வழியாகவா?

முருகேசன் மாமா: திங்கள் தெரியட்டும்