ஜெர்மன் நோட்கெல்ட்: தனியார் அடித்த காசு யாரிடமாவது இருக்கிறதா?

நோட்கெல்ட், அதாவது சில்லறைத் தட்டுப்பாட்டின்போது ஊர்களும் கம்பெனிகளும் வெளியிட்ட அவசரப் பணம், என்றாலே எல்லோரும் 1921, 22இன் கலர் கலரான நோட்டுகளைத்தான் காட்டுகிறார்கள். அவற்றில் பாதி சேகரிப்பாளர்களிடம் விற்கவே அச்சடித்தவை. என் ஓட்டு, முதல் உலகப் போர்க்காலத்தில் தொழிற்சாலைகள் அடித்த துத்தநாகக் காசுக்குத்தான்.

இங்கே ஜெர்மனியில் ஒரு பழைய பொருள் சந்தையில், எதை எடுத்தாலும் ஒரு யூரோ என்று வைத்திருந்த தகர டப்பாவைக் கிளறியபோது என்னுடையது கிடைத்தது. எட்டு மூலை, ஓரத்தில் முத்து வரிசை. ஒரு பக்கம் கம்பெனி பெயர், மறுபக்கம் 10 என்ற எண். அவ்வளவுதான்! அரசுச் சின்னமான கழுகும் இல்லை, ஆண்டும் இல்லை. செம்பும் நிக்கலும் போர்த் தளவாடத்துக்குப் போய்விட்டன. வெள்ளியை மக்கள் பதுக்கிக்கொண்டார்கள். அரசு 1915இல் இரும்பில் 5 பெனிக் (நூறு பெனிக் ஒரு மார்க்) காசு அடித்தும் சில்லறை போதவில்லை. கூலி கொடுக்க முதலாளி என்ன செய்வார்? தானே அடித்துக்கொண்டார். அதை வாங்கியவர் கம்பெனி கேண்டீனிலோ, ஒத்துக்கொண்ட கடையிலோதான் செலவழிக்க முடியும். ஊர் தாண்டினால் அது வெறும் தகடு. அவசரத்துக்கு உதவியது சரி, ஆனால் கூலிக்காரர் கையைக் கட்டிப்போட்டதும் அதே காசுதான்.

—

என்னிடம் இருப்பது போர் முடிந்த பிறகு வந்த வகை. வட்டமான உலோகச் சிமிழுக்குள் நிஜத் தபால்தலை, மேலே கண்ணாடி போல ஒரு தாள், பின்பக்கம் கடை விளம்பரம். தபால்தலைக்கு மதிப்பு உண்டு என்பதால் யாரும் தயங்காமல் வாங்கியிருப்பார்கள். விளம்பரமும் இலவசமாக ஊர் சுற்றியது. கெட்டிக்காரக் கடைக்காரர்!

—

நியூரம்பெர்க் - ஃபியுர்த் டிராம் கம்பெனியின் 20 பெனிக் அலுமினியக் காசுகளை விட்டுவிட்டீர்களே. ஒன்றில் ஓவியர் ட்யூரர் முகம்கூட உண்டு. கையில் வைத்தால் கனமே தெரியாது.

—

முதலில் எழுதியவருக்கு: உங்கள் துத்தநாகக் காசு வெள்ளையாகப் பூத்திருந்தால் புளி, எலுமிச்சை எதையும் போட்டுவிடாதீர்கள். அமிலம் பட்டால் துத்தநாகம் கரையும், எழுத்தும் போய்விடும். அப்புறம், காந்தம் வைத்துப் பார்த்தீர்களா? ஒட்டினால் அது இரும்பு.