தக்கைப்பூண்டும் லட்சுமியும்

குழு: பெரிய வீட்டுத் திண்ணை

செந்தில்: (படம்) பெரியப்பா, பசுந்தாள் உரத்துக்குப் போட்ட தக்கைப்பூண்டு இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. விதைத்து இன்று 38 நாள். 9 மா, அதாவது மூன்று ஏக்கரிலும் ஒரே பச்சை!

பெரியப்பா: மேற்கு மூலையில் மட்டும் வழித்தெடுத்தாற்போல் இருக்கிறதே, அது என்ன?

செந்தில்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

வள்ளி: அவர் அழித்தால் நான் சொல்கிறேன் மாமா. வைக்கோல் தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது. தினம் இரண்டு கட்டு அறுத்து லட்சுமிக்குப் போடுகிறேன். ஆசையாகத் தின்கிறது.

பெரியப்பா: தின்னத்தான் செய்யும். ஏக்கருக்கு 20 கிலோ வீதம் 60 கிலோ விதை வாங்கியது நிலத்துக்கா, மாட்டுக்கா?

கலா அத்தை (காங்கேயம்): காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா அண்ணா? சாணம் அதே வயலுக்குத்தானே போகிறது.

பெரியப்பா: அது எருக்குழியில் காய்ந்து, வண்டியேறி வருவதற்குள் சத்தில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும் கலா. இது நின்ற இடத்திலேயே மடங்குகிற உரம். அதிலும் மேற்கு மூலை களர், காரம் ஏறிய மண். அந்த மண்ணைத் தேற்றத்தானே தக்கைப்பூண்டே போட்டது! அங்கேயா அரிவாளை வைப்பது?

வள்ளி: கொட்டிலுக்குப் பக்கம் அதுதான் மாமா.

யாழினி: சித்தப்பா, ஒரு செடியைத் தோண்டி எடுங்கள், பிடுங்க வேண்டாம். வேரில் மணி மணியாக முடிச்சு இருக்கும். நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

செந்தில்: (படம்) இருக்கிறது! குழந்தையின் ஈறு மாதிரி நிறம்.

செந்தில்: இன்னொன்று பெரியப்பா. கிழக்கு மாவைக் காய்க்க விட்டால் அடுத்த வருடத்துக்கு விதை ஆகுமே?

பெரியப்பா: விதைக்கு வரப்போரம் ஒரு வரிசை போதும். 45 நாளில், பூ எட்டிப் பார்க்கும்போது மடக்கி உழுதால் தண்டு சேற்றோடு கரைந்துவிடும். 60 தாண்டினால் விறகு. ஒரு வருடம் டிராக்டருக்குக் காத்திருந்து 70 நாள் விட்டுவிட்டேன். ரோட்டவேட்டரில் கயிறாகச் சுற்றிக்கொண்டது, அறுத்தெடுக்கவே அரை நாள். நடவுக்கு இறங்கிய பெண்கள் காலில் குச்சி குத்தி என்னைத் திட்டிய திட்டு உன் பெரியம்மாவுக்கு இன்னும் மனப்பாடம்.

செந்தில்: அடுத்த முறை சணப்பை போடலாமா? மாடும் தின்னும் என்கிறார்கள்.

பெரியப்பா: தின்னும். ஆனால் நம் வயலில் ஒரு மழைக்கு இரண்டு நாள் தண்ணீர் நிற்கும், அது தாங்காது. உன் வீட்டு அரிவாளுக்குப் பயந்தால் கொளுஞ்சி போடு, மாடு வாய் வைக்காது. விதைத் தோல் தடிப்பு, மணலோடு இடித்துத் தூவ வேண்டும்.

கலா அத்தை: எல்லாம் நிலத்தின் வாய்க்கே சொல்கிறீர்கள் அண்ணா. லட்சுமிக்கு யார் சொல்வது? வள்ளி, நீ கேள். எங்கள் கொறங்காட்டில், அதான் மேய்ச்சல் காட்டில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் நிற்கும், வெள்வேல் நெற்று உதிரும், மாட்டை அவிழ்த்துவிட்டால் முடிந்தது. நஞ்சையில் அது நடக்காது. கிணற்றடித் தண்ணீர் பாயும் இடத்தில் 5 சென்ட்டுக்குக் கோ 5 தீவனப்புல் கரணை ஊன்று. 75 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. புல் மட்டும் போதாது, தழைத் தீவனத்துக்கு வேலியோரம் வேலிமசால், வரப்பில் அகத்தி.

வள்ளி: தீவனச்சோளம்?

கலா அத்தை: போடலாம், பூத்த பிறகு அறு. மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் நஞ்சு இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் அறுத்த சோளத் தாளில் துளிர்த்த மறுதாம்பை மேய்ந்த எருமை வீடு வந்து சேரவில்லை.

பெரியப்பா: அதெல்லாம் வளரும்வரை? வைக்கோல் தீர்ந்ததை ஒரு வாரமாக ஏன் சொல்லவில்லை வள்ளி? என் வைக்கோல் போரிலிருந்து ஒரு வண்டி எடுத்துக்கொள்ளச் சொல் அவனை.

வள்ளி: கேட்கக் கூச்சமாக இருந்தது மாமா.

பெரியப்பா: அரிவாளுக்குக் கூச்சம் இல்லையே!

(ஏழு நாள் கழித்து)

செந்தில்: (படம்) தண்ணீர் கட்டியாயிற்று, டிராக்டர் இறங்குகிறது. பத்து நாளில் நடவு.

வள்ளி: மாமா, கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு மேற்கு மூலைக்குள் புகுந்துவிட்டது. வெளியே வர மாட்டேன் என்கிறது.

பெரியப்பா: தின்னட்டும் விடு. டிராக்டரைக் கிழக்கிலிருந்து ஓட்டி வரச் சொல்.