நேப்பாளம் போய் ஊழியம் செய்கிறார்களாம். டிக்கெட் காசு யாருடையது?

செந்தூல் குமரன்:
அருள்தாஸ் நேற்று இன்னொரு திரியில் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அப்படியே எடுத்துப் போடுகிறேன்: "எங்கள் சபையிலிருந்து வருடா வருடம் ஒரு குழு நேப்பாளம் போய்த் தொழுநோயாளிகளின் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு வருகிறது. கடல் தாண்டிப் போய் ஏழையைத் தொடுகிற மனசு சபைக்குத்தான் உண்டு. மற்றவர்களுக்குத் திருவிழாவோடு சரி."

தாராளமாகப் போய்த் தொடுங்கள், யார் வேண்டாம் என்றது? அந்தக் கடைசி வரி எதற்கு? எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிபிஆர் என்கிற அரசாங்க மலிவு அடுக்குமாடிக்காரர்கள். உங்கள் சபைக்காரர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். யார் நெற்றியையும் பார்த்து நாங்கள் சோறு போடுவதில்லை.

அருள்தாஸ் கேஎல்:
குமரன் பிரதர், நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். சோறு போடுவது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் தொழுநோயாளி என்றால் ஊரே பத்தடி தள்ளி நின்ற காலத்தில் அவனைத் தொட்டது யார்? இங்கே சுங்கை பூலோ தொழுநோயாளிக் குடியிருப்பைத் திறந்ததே மிஷனரிகள்தான். வரலாறு தெரிந்துகொண்டு பேசுங்கள்.

பட்டர்வொர்த் டிரெசர்:
வரலாறா? சுங்கை பூலோ குடியிருப்பு 1930-இல் அரசாங்கம் கட்டியது. அதற்கு முன் செத்தாப்பாக்கில் நோயாளிகளை அடைத்து வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்து, மனுசன் வாழ்கிற மாதிரி ஓர் இடம் வேண்டும் என்று வாதாடியவர் டாக்டர் டிராவர்ஸ். மிஷனரி இல்லை, டாக்டர். பாதிரிமார்களும் கன்னியாஸ்திரிகளும் பிறகு வந்து உதவினார்கள், அது வேறு. அங்கே பள்ளிக்கூடம், சிறை, செலவுக்குத் தனிப் பண நோட்டுக்கூட இருந்தது. பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன கொடுமையும் அங்கேதான் நடந்தது. அந்த ஊரை ஒரு வரியில் உங்கள் சபைக் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

அது இருக்கட்டும். என் கேள்வி ஒன்றே ஒன்று. கோலாலம்பூரிலிருந்து காட்மண்டு போக வர தலைக்கு ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட். ஒரு குழு என்றால் கூட்டிப் பாருங்கள். அந்த டிக்கெட் காசு யாருடையது? போகிறவர் சொந்தக் காசா, ஞாயிற்றுக்கிழமை காணிக்கையா?

அருள்தாஸ் கேஎல்:
ஐயா, சுங்கை பூலோவைப் பற்றிப் பெரியவர் நீங்கள் சொன்னால் இருக்கட்டும். ஆனால் 1873-இல் மோலோக்காய் தீவுக்குப் போன டேமியன் அடிகளார் யார்? அரசாங்க ஊழியரா? ஹவாய் அரசாங்கம் நோயாளிகளைக் கொண்டுபோய்த் தள்ளிய இடத்தில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, புண்ணைக் கட்டி, சவப்பெட்டி செய்து, கடைசியில் அதே நோயில் 1889-இல் செத்தார். இதுதான் சபை. இதைத்தான் சொன்னேன்.

பட்டர்வொர்த் டிரெசர்:
டேமியன் ரிட்டர்ன் டிக்கெட் எடுக்கவில்லை தம்பி.

அப்புறம், அவர் எங்கள் ஆள். கத்தோலிக்கர். 2009-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். போன வருடம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழா பற்றி நான் எழுதியபோது "சிலைக்கு மெழுகுவர்த்தி கொளுத்துகிறவர்கள்" என்று கேலி செய்தது நீங்கள்தானே? நான் மறக்கவில்லை. சண்டைக்கு மட்டும் எங்கள் புனிதர் வேண்டுமாக்கும்.

டிக்கெட் காசு யாருடையது?

கிள்ளான் சிவா:
பாப்கார்ன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நேப்பாளம் தொழுநோயை ஒழித்துவிட்டதாக 2010-லேயே அறிவித்துவிட்டதே. இல்லாத நோய்க்கு ஏன் இத்தனை பேர் விமானம் ஏறுகிறார்கள்? அங்கே சுற்றுலா ஊரான பொக்காராவில் ஏரி நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டேன்.

ஜெயந்தி, பிரிக்பீல்ட்ஸ்:
சிவா, நான் தாதி. இந்த வேலையாக நேப்பாளம் போயிருக்கிறேன். அருள்தாஸ் சபையோடு இல்லை, நான் லூத்தரன். ஒழித்தாகிவிட்டது என்று அரசாங்கம் சொல்வது பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் கீழே வந்துவிட்டது என்ற கணக்கில். ஆளே இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. காட்மண்டுக்குத் தெற்கே ஆனந்தபனில் 1957-லிருந்து நடக்கிற தொழுநோய் மருத்துவமனைக்கு இன்றைக்கும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பலருக்கு மருந்துதான் பிரச்சினை என்று நினைப்பு. கூட்டு மருந்து 1995-லிருந்து உலகச் சுகாதார நிறுவனம் வழியாக இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒழுங்காகச் சாப்பிட்டால் கிருமி போய்விடும். செத்த நரம்பு திரும்பாது, அங்கேதான் சங்கடம். காலில் ஆணி ஏறினாலும், அடுப்பில் கை பட்டாலும், தூங்கும்போது எலி கடித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் பட்ட காயம் பழுத்துப் பழுத்துக் குறைகிறது. இதை உலகத்துக்குப் புரியவைத்தவர் வேலூரில் 1946-லிருந்து வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட். மடங்கிப் போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக் காட்டினார். அவரும் மிஷன் டாக்டர்தான், அதையும் எழுதிவிடுகிறேன்.

அங்கே போனால் எங்களுக்கு வேலை ரொம்பச் சாதாரணம். காலைத் தண்ணீரில் ஊறவைப்பது, தடித்த தோலைத் தேய்த்து எடுப்பது, எண்ணெய் தடவுவது, செருப்பின் அடியை மாற்றுவது. படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இல்லை.

பட்டர்வொர்த் டிரெசர்:
அம்மா, நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் டிரெசராகப் புண் கட்டியவனுக்குத் தோல் தேய்க்கிற பாடம் வேண்டாம். கிருமி, நரம்பு எல்லாம் நீங்கள் சொன்னபடிதான். ஆனால் நீங்கள் சொன்னதை வைத்தே கேட்கிறேன். காலை ஊறவைத்துத் தேய்க்க நேப்பாளத்தில் ஆள் இல்லையா? ஒருவருடைய டிக்கெட் காசில் அங்கே ஓர் ஆளுக்கு எத்தனை மாதம் சம்பளம் கொடுக்கலாம்? எத்தனை ஜோடி செருப்பு வாங்கலாம்? எட்டு நாள் போய்ப் புண் கட்டிவிட்டு வந்தால் ஒன்பதாம் நாள் யார் கட்டுவது?

அருள்தாஸ் இன்னும் பதில் சொல்லவில்லை. டிக்கெட்?

அருள்தாஸ் கேஎல்:
பணத்தை அனுப்பு, பணத்தை அனுப்பு என்றால் சுலபமா? இந்தியாவுக்கு அனுப்பிப் பாருங்கள். 2020-இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்திய பிறகு எல்லாக் காசும் டெல்லி ஸ்டேட் பேங்கின் ஒரே கிளையில்தான் வந்து விழ வேண்டும். வாங்கிய அமைப்பு இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. அன்னை தெரேசாவின் சபைக்கே 2021 கிறிஸ்துமஸ் அன்று அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டு, ஜனவரியில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களுக்கே அந்தக் கதி என்றால் எங்கள் மாதிரி சின்னச் சபை என்ன செய்யும்? ஆள் நேரில் போவதுதான் நம்பிக்கை.

பட்டர்வொர்த் டிரெசர்:
நேப்பாளம் இந்தியாவில் எப்போது சேர்ந்தது? எனக்குச் சொல்லவே இல்லையே.

டிக்கெட்.

செந்தூல் குமரன்:
டிரெசர் ஐயா டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டார், நான் வேறு ஒன்று கேட்கிறேன். நேப்பாளத்தில் 2017 குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றினால் ஐந்து வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். சுற்றுலா விசாவில் போய் "ஊழியம்" என்று நோட்டீஸ் அடிக்கிறீர்களே, அந்த ஊர்க்காரன் படித்தால் என்ன ஆகும்? மாட்டிக்கொள்வது உங்கள் குழு இல்லை, அங்கே இருக்கிற ஏழை நேப்பாளிப் போதகர்.

அருள்தாஸ் கேஎல்:
நாங்கள் யாரையும் மாற்றவில்லை. கேட்டால் ஜெபிப்போம், அவ்வளவுதான்.

கிள்ளான் சிவா:
கேட்டால் மட்டுமா, கேட்காவிட்டாலுமா?

அருள்தாஸ் கேஎல்:
சிவா, உனக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை.

பட்டர்வொர்த் டிரெசர்:
எனக்குப் பதில் சொல்லவும்தான் நேரம் இல்லை போல.

இன்னொன்று. நேப்பாளி மேல் அவ்வளவு பாசம் என்றால் கோலாலம்பூரில் எந்தக் கொண்டோ வாசலிலும் பாருங்கள், காவல் சீருடையில் நேப்பாளிப் பையன் நிற்கிறான். பன்னிரண்டு மணி நேர வேலை, ஏஜெண்டுக்குக் கட்டிய கடன், ஒரு அறையில் பத்துப் பேர். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்கு அழைத்துப்போக விமானம் வேண்டாம், மைவி கார் போதும். உங்கள் சபைக்கு எதிரில் இருக்கிற கட்டடத்திலேயே ஒருவன் இருப்பான். அவனை நோட்டீஸில் போட்டால் பின்னால் இமயமலை தெரியாது, அதுதான் குறை.

ஜெயந்தி, பிரிக்பீல்ட்ஸ்:
ஐயா, இங்கே உதவி செய்தால் அங்கே செய்யக்கூடாது என்று எந்தச் சட்டம்? போகிற நர்ஸ் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வந்தால் அது வீணா? நான் என் சொந்தக் காசில் போனேன். நீங்கள் எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டுகிறீர்கள்.

பட்டர்வொர்த் டிரெசர்:
பார்த்தீர்களா, ஜெயந்திக்கு என் கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று வார்த்தைதான் ஆனது. "என் சொந்தக் காசில்." அருள்தாஸுக்கு மட்டும் ஏன் மோலோக்காய், டெல்லி என்று உலகம் சுற்ற வேண்டியிருக்கிறது?

அருள்தாஸ் கேஎல்:
சரி, காணிக்கையிலிருந்தே எடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்தவர்கள் எங்கள் ஆட்கள், மனப்பூர்வமாகக் கொடுத்தார்கள். வெளியாளுக்கு என்ன? தைப்பூசத்துக்குப் பினாங்குத் தெருக்களில் லாரி லாரியாகத் தேங்காய் உடைக்கிறீர்களே, அதற்கு நான் கணக்குக் கேட்டேனா? அந்தத் தேங்காயில் எத்தனை பேருக்குச் சாம்பார் வைக்கலாம்?

செந்தூல் குமரன்:
வந்துவிட்டது தேங்காய். எப்படியும் வரும் என்று தெரியும். தேங்காய் நேர்த்திக்கடன். அவனவன் காசு, அவனவன் வேண்டுதல். பினாங்குப் பயனீட்டாளர் சங்கமே குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது, எங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம். நீங்கள் அதில் தலையிட வேண்டாம்.

அருள்தாஸ் கேஎல்:
அவனவன் காசு, அவனவன் வேண்டுதல். எங்கள் காணிக்கைக்கும் அதேதான்.

கிள்ளான் சிவா:
தேங்காயில் யாருக்கும் சாம்பார் வைக்க முடியாது பிரதர். சட்னி.

மேற்பார்வையாளர்:
தேங்காய், தைப்பூசம், சிலை வழிபாடு பற்றிப் பேச வேண்டுமானால் தனித் திரி தொடங்கவும். ஒருவர் மதத்தை ஒருவர் இழுத்தால் இந்தத் திரியைப் பூட்டிவிடுவேன்.

பட்டர்வொர்த் டிரெசர்:
பூட்டுங்கள். பூட்டுவதற்கு முன் அவர் பதில் சொல்லட்டும். "என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் என்ன? எடுத்தீர்களா, இல்லையா?

பினாங்குக்காரன் என்பதால் சொல்கிறேன். எங்கள் ஜெரெஜாக் தீவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு காசநோய்க்காரர்களை வைத்தார்கள், 1969-லிருந்து 1993 வரை கைதிகளை வைத்தார்கள். கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம்தான். அத்தனை வருடமும் இந்தப் பக்கத்தில் நின்று தீவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் தங்களைக் கருணை உள்ளவர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். எல்லா மதத்துக்காரர்களும்தான்.

அருள்தாஸ் கேஎல்:
இதுவரை ஒரு தொழுநோயாளியின் காலையாவது தொட்டிருக்கிறீர்களா ஐயா? ஆமா, இல்லை, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் டிரெசர்:
டிரெசரிடம் கேட்கிற கேள்வியா இது? நீங்கள் பிறப்பதற்கு முன்பே தொட்டவன். சம்பளத்துக்குத் தொட்டேன். அதனால் அது கணக்கில் சேராது என்பீர்கள். கூடவே படம் எடுக்க ஆளும் கூட்டிப்போகவில்லை பாருங்கள்.

அருள்தாஸ் கேஎல்:
எங்கள் கணக்கு ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்களுக்கு வாசிக்கப்படும். நீங்கள் உறுப்பினர் இல்லை.

செந்தூல் குமரன்:
மழுப்பல்.

பட்டர்வொர்த் டிரெசர்:
குமரன், நீங்கள் ரொம்ப நேரமாகச் சும்மா கைதட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கோயில் அன்னதானக் கணக்கு எந்தச் சுவரில் ஒட்டியிருக்கிறது? செந்தூலுக்கு வருகிறபோது படித்துப் பார்க்கிறேன்.

செந்தூல் குமரன்:
ஐயா, நீங்கள் யார் பக்கம்? எங்கள் கணக்கு பொதுக்கூட்டத்தில் அச்சடித்துக் கொடுக்கப்படும். உறுப்பினராக இருந்தால் கிடைக்கும்.

ஜெயந்தி, பிரிக்பீல்ட்ஸ்:
இதையே அருள்தாஸ் சொன்னபோது மழுப்பல் என்றீர்களே.

செந்தூல் குமரன்:
அது வேறு, இது வேறு. நாங்கள் சங்கப் பதிவிலாகாவுக்கு வருடா வருடம் அறிக்கை அனுப்புகிறோம்.

அருள்தாஸ் கேஎல்:
நாங்களும்தான் அனுப்புகிறோம்.

பட்டர்வொர்த் டிரெசர்:
அனுப்பிய அறிக்கையின் நகலை இரண்டு பேரும் இங்கே போடுங்கள். நாளைக் காலை வரை காத்திருக்கிறேன். அதற்குள் யாராவது என்னைத் திரியிலிருந்து தூக்கினால், தூக்கியது யார் என்று மேற்பார்வையாளரிடமே கேட்பேன். சென்ற முறை என் பதிவை அழித்தவர் இன்னும் பெயர் சொல்லவில்லை.

மேற்பார்வையாளர்:
அந்தப் பதிவில் நீங்கள் ஒருவரின் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தீர்கள்.

பட்டர்வொர்த் டிரெசர்:
அது என் சொந்த எண்.