வாட்ஸ்அப்ல வர்ற கல்யாணப் பத்திரிகையத் தொட்டாலே காசு போயிடுமா?

வைகைக்கரையான்:
கணக்குவாத்தியார் சார் நேத்து போட்டதைப் படிச்சதுல இருந்து ஒரே கடுப்பு. "வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகை வந்தா தொடாதீங்க, தொட்டாலே பேங்க்ல இருக்கறது மொத்தமும் போயிடும், இந்த இன்டர்நெட் நம்ம பண்பாட்டையும் முழுங்கிடுச்சு பணத்தையும் முழுங்கிடுச்சு"ன்னு எழுதியிருக்காரு. சார், தொட்டாலே எல்லாம் போகாது. அந்த மோசடியில வர்றது போட்டோவும் இல்ல, பிடிஎஃப்பும் இல்ல, ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு போன்ல ஆப்பை ஏத்தற ஃபைல். அதை அமுக்கினா தெரியாத இடத்துல இருந்து வந்த ஆப்னு போன் தடுக்கும், நீங்க செட்டிங்ஸ் உள்ள போய் அலவ் குடுக்கணும், அப்புறம் இன்ஸ்டால் குடுக்கணும், அப்புறம் அது எஸ்எம்எஸ் படிக்கட்டுமான்னு கேக்கும் அதுக்கும் சரின்னு சொல்லணும், அதுக்கப்புறம் தான் உங்களுக்கு வர்ற ஓடிபி அவனுக்குப் போகும். 2024 நவம்பர்ல இமாச்சல் போலீஸ் எச்சரிக்கை விட்டதும் இந்த ஏபிகே பத்தித்தான். இத்தனை பூட்டையும் நீங்களே திறந்து விட்டுட்டு பழி மட்டும் இன்டர்நெட் மேலயா?

கணக்குவாத்தியார்:
தம்பி, உங்க லெக்சருக்கு நன்றி. என்கூட வேலை பார்த்த ஹெச்எம் ஒருத்தர், ரிட்டயர்டு, பொய் பேசத் தெரியாத மனுஷன். பத்திரிகையத் தொட்டார், காசு போச்சு. எதையும் இன்ஸ்டால் பண்ணலன்னு சாமி படத்துமேல சத்தியம் பண்றார். தொட்டார், போச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

வைகைக்கரையான்:
சத்தியம் எல்லாம் சரி சார். ஃபைல் பேரு கடைசியில என்ன இருந்துச்சு? ஏபிகேன்னு இருந்துச்சா இல்லையா? அதை மட்டும் கேட்டு சொல்லுங்க.

சிவகாசிக்காரன்:
நல்லா வேணும். ஒழுங்கா கார்டு அடிச்சு, மஞ்சள் தடவி, வீட்டுக்கு வந்து வெத்தலை பாக்கோட குடுத்தா ஹேக் பண்ண முடியுமா? முன்னாடி ஆயிரம் கார்டு அடிச்ச குடும்பம் எல்லாம் இப்ப சாமிக்கு வைக்கவும் சம்பந்திக்குக் குடுக்கவும் நூறு அடிச்சா போதும்ங்கறாங்க. மிச்சப் பேருக்கு எல்லாம் ஒரு வீடியோ, பின்னாடி நாதஸ்வரம் வேற.

கொங்குப்பொண்ணு:
ஏனுங்க, வீடு வீடாப் போய் பத்திரிகை வைக்கறதைப் பத்தி நீங்க பேசலாமுங்களா? உங்களுக்கு அது பிசினஸ். கொளுத்தற வெயில்ல பட்டுச் சேலை கட்டிக்கிட்டு தாம்பாளத்தோட அலையறது யாருங்க? ஒரு வீட்டுக்கு லேட்டாப் போனா "எங்களுக்கு கடைசியாத்தான் ஞாபகம் வந்துச்சா"ன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க. வாட்ஸ்அப்ல ஒரே நேரத்துல எல்லாத்துக்கும் போயிருது, சண்டையே இல்ல.

சிவகாசிக்காரன்:
சண்டையே இல்லையா? "ப்ளூ டிக் வந்துச்சு பதிலே போடல"ன்னு இப்ப அதுக்கும் தானம்மா சண்டை போடறாங்க. அப்ப ரெண்டு வீட்டுக்கு நடுவுல இருந்த சண்டை இப்ப ஃபேமிலி குரூப்ல நாப்பது பேர் முன்னாடி நடக்குது, அவ்ளோதான் வித்தியாசம்.

கணக்குவாத்தியார்:
வைகைக்கரையானுக்கு ஒரு கேள்வி. 2019ல வாட்ஸ்அப்ல ஒரு கால் வந்தாலே போதும், எடுக்கக்கூட வேணாம், போனுக்குள்ள பூந்துட்டான்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சே. அது பொய்யா? அலவ் குடுத்தாங்களா? இன்ஸ்டால் குடுத்தாங்களா? பதில் சொல்லுங்க.

வைகைக்கரையான்:
சொல்றேன். அது பெகாசஸ்ங்கற உளவு சாஃப்ட்வேர். இஸ்ரேல் கம்பெனி என்எஸ்ஓ அரசாங்கங்களுக்கு விக்கிற சமாச்சாரம். சுமார் 1400 போன குறிவச்சு அடிச்சாங்க, பத்திரிகைக்காரங்க, வக்கீலுங்க, மனித உரிமைக்காரங்க. வாட்ஸ்அப் அந்த ஓட்டையை அடைச்சு, அதே 2019 அக்டோபர்ல அவங்க மேல அமெரிக்காவுல கேஸும் போட்டாச்சு. உங்க ஹெச்எம்மோட பென்ஷன் பணத்துக்கு எவனும் பெகாசஸ் ஓட்டமாட்டான் சார், அதுக்கு ஆகற செலவுல ஒரு பள்ளிக்கூடமே கட்டலாம்.

கணக்குவாத்தியார்:
ஆக, தொடாமலே போகும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நான் தொட்டாப் போகும்னு தானே சொன்னேன். நன்றி.

வைகைக்கரையான்:
யோவ்... சார், மன்னிக்கணும், ஆனா இது என்ன கணக்கு? இதைத்தான் பசங்களுக்கும் சொல்லிக் குடுத்தீங்களா?

சார்ஜா பங்காளி:
ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கப்பா. பண்பாடு போச்சுன்னு அழறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2022 பிப்ரவரியில கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்துல ஒரு கல்யாணம், ரிசப்ஷனை மெட்டாவெர்ஸ்ல, அதாவது கம்ப்யூட்டர்ல உருவாக்கின 3டி உலகத்துல வச்சாங்க, பொண்ணோட இறந்து போன அப்பாவையே அவதாரா, அதாவது அவர மாதிரியே ஒரு 3டி உருவமா கொண்டுவந்து நிறுத்தினாங்க. அந்தப் பொண்ணுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்! நான் இங்க லீவு கிடைக்காம தங்கச்சி கல்யாணத்தை வீடியோ கால்ல பார்த்தவன், தாலி கட்டற நேரம் பார்த்து நெட்டு சுத்துச்சு, அதுக்கே கண்ணு கலங்கிடுச்சு. இன்டர்நெட்டே இல்லன்னா அதுவும் கிடையாது.

சிவகாசிக்காரன்:
பங்காளி, மொய் வச்சீங்களா?

சார்ஜா பங்காளி:
என்ன கேள்வி இது? ஆன்லைன்ல அனுப்பினேன்.

சிவகாசிக்காரன்:
அது மொய் இல்ல, டிரான்ஸ்ஃபர். 2021 ஜனவரியில மதுரையில ஒரு வீட்ல பத்திரிகையிலயே ஜிபே, போன்பே க்யூஆர் கோடு அடிச்சாங்களே, அன்னைக்கே முடிஞ்சு போச்சு எல்லாம்.

வைகைக்கரையான்:
மதுரையை இழுக்காதீங்கண்ணே. அது கொரோனா காலம், வரமுடியாதவங்க என்ன பண்ணுவாங்க? அதுலயும் க்யூஆர் கோடை அடிச்சது கார்டுல தான், உங்க தொழில்ல தான். சரி, விஷயத்துக்கு வர்றேன். தொட்டாரா, இன்ஸ்டால் பண்ணாரான்னு நான் ஏன் இதையே புடிச்சுத் தொங்கறேன்னா, பணம் திரும்பக் கிடைக்கறது அதுலதான் இருக்கு. ரிசர்வ் பேங்க் 2017 ஜூலை சர்க்குலர்படி, தப்பு பேங்க் மேலயும் இல்ல உங்க மேலயும் இல்ல, வேற எங்கயோ நடந்த கோளாறுன்னா, பணம் போன தகவல் பேங்க்ல இருந்து வந்து மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்கு நஷ்டமே கிடையாது. அலட்சியம் உங்களுதுன்னா, பேங்குக்கு சொல்ற வரைக்கும் போன பணம் உங்க தலையில தான். அதனால "தொட்டேன் போச்சு"ன்னு கதை விட்டுக்கிட்டு உக்காராம உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணணும், பேங்க்ல கணக்க நிறுத்தச் சொல்லணும். உங்க ஹெச்எம் பண்ணாரா?

கொங்குப்பொண்ணு:
அந்த சர்க்குலர்ல இன்னொண்ணும் இருக்குங்க. தப்பு வாடிக்கையாளரோடதுன்னு நிரூபிக்கற பொறுப்பு பேங்கோடது. அதை மட்டும் வசதியா விட்டுட்டீங்க.

வைகைக்கரையான்:
விடலங்க, எழுத வந்தேன், அதுக்குள்ள நீங்க போட்டுட்டீங்க.

கொங்குப்பொண்ணு:
ஆமாமா.

கணக்குவாத்தியார்:
அவரை அலட்சியம்னு சொல்றீங்களா? வயசானவங்க ஏமாந்தா அலட்சியம். நல்லது தம்பி. நாலு பேர் ஜாக்கிரதையா இருக்கட்டும்னு தான் நான் போட்டேன், கூடக்குறைய இருந்தா என்ன குடி முழுகிப் போச்சு? தொடாதீங்கன்னு சொன்னா தொடமாட்டாங்க, அவ்வளவுதானே.

வைகைக்கரையான்:
கூடக்குறைய இருந்தா என்னவா? 2018 மே மாசம் பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்குன்னு ஃபார்வேர்டு சுத்துச்சே, அதை அனுப்பினவனும் நாலு பேர் ஜாக்கிரதையா இருக்கட்டும்னு தான் அனுப்பினான். திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர்ல குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு பாட்டி, குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்த பாவத்துக்கு, ஊரே சேர்ந்து அடிச்சுக் கொன்னுது. அந்த வருஷம் நாடு முழுக்க இப்படி நடந்ததுக்கு அப்புறம் தான் ஜூலையில வாட்ஸ்அப்காரன் இந்தியாவுல ஃபார்வேர்டை ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுக்குன்னு நிறுத்தினான். பயம் காட்டறதுக்கும் ஒரு அளவு இருக்கு சார். எல்லாத்தையும் தொடாதன்னா, நாளைக்கு நெஜமான பத்திரிகை வந்தாலும் ஒருத்தனும் திறக்கமாட்டான், அப்புறம் "என் வீட்டுக் கல்யாணத்துக்கு வரல"ன்னு அதுக்கு ஒரு பஞ்சாயத்து.

கணக்குவாத்தியார்:
என்னைக் கொலைகாரன்னு சொல்லாம சொல்றீங்க. ஜல்லிக்கட்டு திரியிலயும் இதே வேலை தான் பண்ணீங்க. 2017ல மெரினாவுல கூட்டம் சேர்ந்தது ஃபேஸ்புக்காலயும் வாட்ஸ்அப்பாலயும்னு அன்னைக்கு பெருமை பேசினது யாரு? நல்லது நடந்தா இன்டர்நெட், கெட்டது நடந்தா வாத்தியாரா?

வைகைக்கரையான்:
அதையும் இதையும் கலக்காதீங்க. ஏபிகேவா இல்லையா? ஒரே கேள்வி.

கணக்குவாத்தியார்:
தொட்டார், போச்சு. ஒரே பதில்.

சார்ஜா பங்காளி:
சிவகாசி அண்ணே, டிரான்ஸ்ஃபர்னு சொன்னீங்கல்ல, மொய் நோட்டுல என் பேரை எழுதினாங்க, போட்டோ கூட அனுப்பினாங்க. வேணும்னா காட்டவா?

சிவகாசிக்காரன்:
போட்டோ எல்லாம் அனுப்பாதீங்க பங்காளி, தொட்டா போயிடுமாம்.

கணக்குவாத்தியார்:
கிண்டல் பண்ணுங்க. உங்க கார்டும் கூடிய சீக்கிரம் போகும், அப்ப பார்க்கறேன்.

சிவகாசிக்காரன்:
ஏன் சார் என் பொழப்புல மண்ணைப் போடறீங்க? நான் உங்க பக்கம் தானே பேசினேன்!