மஞ்ச கடுதாசி குடுத்தா கடன் போயிடுமா? – புதுப்பாளையம் 2வது தெரு குழு, கடலூர்

மாலா (இரவு 7:42): எல்லாருக்கும் வணக்கம். நாத்தனார் வீட்டுக்காரருக்காக கேக்குறேன். சிப்காட்ல வேலை, கைக்கு 31,000 வருது. கடன் கழுத்துக்கு மேல போயிடுச்சு. ஐ.பி. (மஞ்ச கடுதாசி, அதாவது திவால் மனு) குடுத்துடு, எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சிடும்னு யாரோ சொல்லியிருக்காங்க. நிஜமா?

மாலா (7:49): கணக்கு இதான். வீட்டுக் கடன் பாக்கி 14 லட்சம், மாசம் 15,500. பெர்சனல் லோன் 3.8 லட்சம், மாசம் 11,200. கிரெடிட் கார்டு 1.6 லட்சம். நகை அடகு 2.1 லட்சம். புரோ நோட்டு மூணு பேர் கிட்ட 4.5 லட்சம், ரெண்டு ரூபா வட்டி. தண்டல் தினம் 500, இன்னும் 80 நாள். சீட்டு எடுத்தாச்சு, மாசம் 10,000, இன்னும் 12 தவணை. வீடு வித்தா 22 போகும்.

மாடி வீட்டு சங்கர் (7:51): மோட்டார் ஆஃப் பண்ண யாராவது போங்க, டேங்க் வழியுது

மேனேஜர் மாமா (7:58): மாலாம்மா, முதல்ல மாசக் கணக்கைக் கூட்டு. 15,500 + 11,200 + கார்டு மினிமம் 8,000 + நோட்டு வட்டி 9,000 + தண்டல் 15,000 + சீட்டு 10,000. மொத்தம் 68,700. வருமானம் 31,000. சிக்கனம் பண்ணி அடைக்கிற கட்டத்தை இது எப்பவோ தாண்டிடுச்சு. அதனால ஐ.பி. பத்தி யோசிக்கிறது ஒண்ணும் தப்பு இல்ல. ஆனா ஒரே நாள்ல முடியும்ங்கிறது சுத்தப் பொய்.

வக்கீல் அக்கா (8:04): மாலா, கடன் எவ்வளவுங்கிறதை விடு. யார் யார் கையெழுத்து போட்டிருக்காங்க? சீட்டுக்கு ஜாமீன் யாரு? செக் யார் கிட்ட இருக்கு? மகளிர் குழு லோன் உண்டா?

மாலா (8:09): சீட்டுக்கு கூட வேலை செய்யுற ரெண்டு பேர் ஜாமீன். நோட்டுல ஒருத்தர் கிட்ட, 2 லட்சத்துக்காரர், கையெழுத்து போட்ட செக் இருக்கு. குழு லோன் 60,000, அது நாத்தனார் பேர்ல.

வக்கீல் அக்கா (8:10): அதான் பயந்தேன். கோர்ட்ல இருந்து வந்து டைப் பண்றேன், கொஞ்சம் பொறு.

வக்கீல் அக்கா (8:27): ஒண்ணு ஒண்ணா சொல்றேன். டிவில வர்ற 2016 திவால் சட்டம் சாதாரண ஆளுக்கு இன்னும் நடைமுறைக்கு வரல. 2019 டிசம்பர் 1-ல இருந்து கம்பெனி கடனுக்கு கியாரண்டி போட்ட தனிநபருக்கு மட்டும் அமல். அதுல சின்னக் கடன்காரங்களுக்கு "புதுத் தொடக்கம்"னு ஒரு வழி எழுதி வச்சிருக்காங்க. வருஷ வருமானம் 60,000-க்குள்ள, சொத்து 20,000-க்குள்ள, கடன் 35,000-க்குள்ள, சொந்த வீடு இருக்கக் கூடாது. அதுவும் அமலுக்கு வரல. வந்தாலும் இவருக்குப் பொருந்தாது.

வக்கீல் அக்கா (8:29): நம்ம ஊருக்கு இன்னமும் 1920-ம் வருஷ மாகாண திவால் சட்டம்தான். சென்னை நகரத்துக்கு 1909 சட்டம், அது தனி. அதனால சென்னைல யாருக்கோ நடந்ததை வச்சு கடலூருக்கு கணக்குப் போடாதீங்க.

மேனேஜர் மாமா (8:30): கடன் 500 ரூபாய்க்கு மேல இருந்தா மனு போடலாம்னு அதுல இருக்கு, 1920-ம் வருஷத்து ரூபாய் மதிப்பு அது 😀

வக்கீல் அக்கா (8:36): ஆமா மாமா. போடுறது சுலபம். மனுவுல என்ன இருக்கணும்னா: எல்லா கடன்காரங்க பேரு, முழு விலாசம், தொகை. சொத்து ஒவ்வொண்ணும் மதிப்போட. எல்லாத்தையும் கோர்ட் வசம் ஒப்படைக்கத் தயார்னு ஒரு வாசகம். முன்னாடி ஐ.பி. போட்டிருக்காரா இல்லையான்னு ஒரு வரி. இங்கதான் நிறைய பேர் தடுக்கி விழுறாங்க. விலாசத்துல "முதுநகர்"னு மட்டும் போட்டா நோட்டீஸ் திரும்பி வரும், மறுபடி பேட்டா (நோட்டீஸ் அனுப்புற கட்டணம்) கட்டணும், வாய்தா தள்ளிப் போகும். மச்சான் கிட்ட வாங்கினது கடனான்னு விட்டுட்டா, சொத்தையோ கடனையோ மறைச்சாருன்னு எதிர்தரப்பு பிடிச்சுக்கும். கணக்கு புத்தகத்தை மறைச்சது மாதிரி விஷயத்துக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு.

மாலா (8:38): போட்ட அன்னைல இருந்து யாரும் கேஸ் போட முடியாதுன்னு சொன்னாங்களே?

வக்கீல் அக்கா (8:44): இல்ல. மனு வேற, திவால்னு தீர்ப்பு வர்றது வேற. தீர்ப்பு வந்த பிறகுதான் கோர்ட் அனுமதி இல்லாம யாரும் பாக்கிக்கு வழக்கு போடக் கூடாது. அதுக்கு முன்னாடி ஓடுற வழக்கு ஓடும். மஞ்ச நோட்டீஸை அனுப்பிட்டு மனுவை கிடப்புல போடுறவங்க இருக்காங்க, அது தள்ளுபடி ஆகும், வெட்கக்கேடுதான் மிச்சம். தீர்ப்பு வந்தா சொத்து முழுக்க கோர்ட்டுக்கு அல்லது ரிசீவருக்கு (சொத்தைப் பாத்துக்க கோர்ட் போடுற ஆள்) போயிடும். விடுவிப்பு (கடன்ல இருந்து விடுதலைன்னு கோர்ட் கடைசியா குடுக்கிற உத்தரவு) கிடைக்கிற வரைக்கும் புதுசா சேர்ற சொத்தும் அப்படித்தான்.

வக்கீல் அக்கா (8:51): சரி, ஐ.பி. எதைத் தொடாதுன்னு பாருங்க.

வீட்டுக் கடன்: அடமானம் வச்சிருக்கிற பேங்க் கைய அது கட்டாது. வீட்டை எடுத்துப்பாங்க.
ஜாமீன்: இவர் திவால் ஆனாலும் சீட்டுக்கு கையெழுத்து போட்ட ரெண்டு பேரும் மாட்டினது மாட்டினதுதான். அவங்க சம்பளத்துல கை வைக்கிறப்போ சிப்காட் கேட்ல என்ன நடக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல.
செக்: செக் ரிட்டர்ன் கேஸ் கிரிமினல். ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை, இல்ல செக் தொகைக்கு ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம். ஐ.பி. அதை நிறுத்தாது.
குழு லோன்: அது நாத்தனார் கடன். இவர் மனுவுல அதுக்கு இடமே இல்ல.
அரசுக்குக் கட்ட வேண்டியது, ஏமாத்தி வாங்கின கடன்: விடுவிப்பு கிடைச்சாலும் போகாது.

பத்திரம் அண்ணன் (8:55): குறுக்க பேசுறேன்னு நினைக்காதீங்க. இப்பவே வீட்டை சம்சாரம் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிட்டா? வாரத்துக்கு நாலு பேர் இதைத்தான் கேட்டு வர்றாங்க.

வக்கீல் அக்கா (9:02): எழுதாதீங்கண்ணே, தயவு செஞ்சு. ரெண்டு வருஷத்துக்குள்ள ஐ.பி. மனு விழுந்தா 53-வது பிரிவுல ரிசீவர் அந்தப் பத்திரத்தை ரத்து பண்ண வைக்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடி அதை முன்னிட்டு எழுதினது, நிஜமா காசு குடுத்து நல்லெண்ணத்துல வாங்கினவங்களுக்கு எழுதினது மட்டும்தான் தப்பும். இன்னொண்ணு யாரும் யோசிக்கிறதில்ல. கடன்காரங்களை ஏமாத்த சொத்தை மாத்துறதே ஒரு "திவால் செயல்". மூணு மாசத்துக்குள்ள 500 ரூபா பாக்கி உள்ள எந்தக் கடன்காரரும் அதைக் காட்டி இவர் மேல ஐ.பி. மனு போடலாம். நீங்க போடாம இருந்தாலும் அவங்க போட்டுடுவாங்க.

பத்திரம் அண்ணன் (9:03): அது தெரியாம போச்சு. இனிமே வர்றவங்க கிட்ட சொல்லிடுறேன்மா.

வக்கீல் அக்கா (9:09): ஐ.பி. எதுக்கு நிஜமா உதவும்னா, டிகிரி (பணம் கட்டச் சொல்ற கோர்ட் தீர்ப்பு) வாங்கி கைது பண்ண வர்றவங்ககிட்ட இருந்து ஆளைக் காப்பாத்த. அதுவும் 31-வது பிரிவுல தனியா மனு போட்டு வாங்கணும், தானா வராது. ஆனா அந்தப் பயமே பாதிக்கு மேல தேவையில்லாதது. கட்ட வசதி இருந்தும் கட்டாதவர், சொத்தை மறைச்சவர், ஊரை விட்டு ஓடப் பாக்கிறவர், இப்படிப்பட்டவங்களைத்தான் சிவில் சிறைக்கு அனுப்பலாம். பணம் கட்டுற டிகிரிக்கு பெண்களைக் கைது பண்ணவே முடியாது.

மாலா (9:11): சம்பளத்தை முழுசா பிடிச்சுடுவாங்களாக்கா?

வக்கீல் அக்கா (9:14): முடியாது. முதல் 1,000 போக மீதியில மூணுல ரெண்டு பங்கை தொடக் கூடாது. 31,000-ல 21,000 அவருக்கு, 10,000 வரைக்கும்தான் ஜப்தி. பி.எஃப்., சமையல் பாத்திரம், படுக்கை, தொழில் கருவி, தாலி இதெல்லாம் விலக்கு. ஜீவனாம்ச வழக்குக்கு கணக்கு வேற.

மேனேஜர் மாமா (9:16): இது கோர்ட் ஜப்திக்கு. சம்பள அக்கவுண்டும் பெர்சனல் லோனும் ஒரே பேங்கா இருந்தா கோர்ட்டே வேணாம், பேங்க் நேரா ஈடு கட்டிக்கும். வீட்டுச் செலவுக்குப் பணம் இல்லாமப் போற முதல் காரணம் இதுதான். சம்பளத்தை வேற பேங்குக்கு மாத்தச் சொல்லு, ஹெச்.ஆர்.ல ஒரு கடுதாசி குடுத்தா போதும்.

மேனேஜர் மாமா (9:31): இப்ப என் கணக்கு. ஐ.பி. பாதையில போனா வீடு பேங்க் ஏலத்துல போகும். ஏலத்துல 22 வராது, 18-ன்னு வச்சுக்கோ. பேங்க் பாக்கி வட்டி செலவோட 14.7. மிச்சம் 3.3. அவரோட அடமானம் இல்லாத கடன் 3.8 + 1.6 + 4.5 + தண்டல் 0.4 + சீட்டு 1.2 = 11.5 லட்சம். ரூபாய்க்கு சுமார் 29 பைசாதான் தேறும்.

வக்கீல் அக்கா (9:33): அங்கதான் இடிக்குது. ரூபாய்க்கு எட்டணா, அதாவது 50 பைசா, சொத்துல தேறலன்னா முழு விடுவிப்பு தரக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கு. தன் தப்பு இல்லாத காரணத்தால தேறலன்னு நிரூபிச்சா மட்டும் விதிவிலக்கு. திருப்பிக் கட்ட வழியே இல்லன்னு தெரிஞ்சே வாங்கின கடன், சூதாட்டம், ஊதாரித்தனம் இதெல்லாம் வேற தடை. விடுவிப்பு மனுவை கோர்ட் குறிச்ச காலத்துக்குள்ள போடலன்னா திவால் தீர்ப்பையே ரத்து பண்ணிடுவாங்க. வீடு போச்சு, கடன் அப்படியே நிக்கும். ரொம்பப் பேருக்கு இந்தக் கடைசிப் படி இருக்கிறதே தெரியாது.

மேனேஜர் மாமா (9:46): அவரே வித்தா? 22-ல பேங்குக்கு 14, தரகு மத்த செலவு 0.3. கையில 7.7. அதுல சீட்டு 1.2 முழுசா, ஜாமீன்காரங்க விடுதலை. செக் வச்சிருக்கிறவருக்கு 2. தண்டல் 0.4. கார்டு 1.6. மீதி 2.5, மத்த ரெண்டு நோட்டுக்கும் அதே 2.5. பெர்சனல் லோன் மட்டும் நிக்கும், மாசம் 11,200. வாடகை 7,000 போனாலும் 12,800 கையில. நகையையும் மீட்டு வித்துடச் சொல்லு, 2.1 போக வர்றது பையன் ஃபீஸுக்கு. வட்டி கட்டிக்கிட்டே வச்சிருக்கிற நகை ஒரு நாள் ஏலத்துல தான் போகும்.

மாலா (9:48): வீட்டை விக்க மாட்டேங்குறாரு மாமா. அப்பா கட்டின வீடு.

மேனேஜர் மாமா (9:52): புரியுதும்மா. ஆனா இப்ப வித்தா 22, தவணை 90 நாள் நின்னா கணக்கு வாராக் கடன், அப்புறம் 60 நாள் நோட்டீஸ், அதுக்கு மேல பேங்க் சுவாதீனம். அந்த 60 நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் குடுத்தா 15 நாள்ல பதில் சொல்லணும். ஏலத்துக்கு முன்னாடி வாங்குற ஆளை நீங்களே கூட்டிட்டுப் போனா பேங்க் பெரும்பாலும் மறுக்காது. கடனை முடிச்ச 30 நாள்ல மூலப் பத்திரம் திரும்பக் குடுக்கணும், தாமதம் அவங்க தப்புன்னா நாளுக்கு 5,000 ரூபா நஷ்ட ஈடு.

மேனேஜர் மாமா (9:57): கார்டுக்கு மினிமம் கட்டுறதை நிறுத்தச் சொல்லு. 1.6 லட்சத்துக்கு மாசம் 3.5 வட்டின்னா 5,600, ஜி.எஸ்.டி. 1,008. 8,000 கட்டினா அசல்ல 1,392 தான் குறையும். குறைச்சுக் கட்டி முடிக்க செட்டில்மெண்ட் பேசினா முதல்ல எழுத்துல கடுதாசி, அப்புறம்தான் பணம். போன்ல சொன்னதை நம்பி கட்டுனா மீதி பாக்கின்னு திரும்ப வருவாங்க. சிபில்ல "செட்டில்டு"னு விழும், கொஞ்ச வருஷத்துக்கு லோன் கிடைக்காது. அது நல்லதுக்குத்தான்னு எனக்குப் படுது.

சங்கர் (9:59): தண்டல்காரன் லாரன்ஸ் ரோட்டுல நிறுத்தி கத்துறான்னா?

வக்கீல் அக்கா (10:05): தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாமே 2003 தமிழ்நாடு சட்டப்படி குற்றம், மூணு வருஷம் வரைக்கும் சிறை. 50,000-ன்னு எழுதி 45,000 குடுத்து 100 நாள்ல 50,000 வாங்கினா, குறையுற அசலுக்கு கணக்குப் போட்டா வருஷத்துக்கு சுமார் 80 சதவீதம். எஸ்.பி. ஆபீஸ்ல எழுத்துல குடுக்கலாம். பேங்க் ஏஜெண்டு காலை 8-க்கு முன்னாடி, ராத்திரி 7-க்கு மேல கூப்பிடக் கூடாது. குழு லோனுக்கு 9-ல இருந்து 6 தான். மீறினா பேங்குக்கு புகார், 30 நாள்ல பதில் இல்லன்னா ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன் (புகார் விசாரிக்கிற அதிகாரி), 14448.

வக்கீல் அக்கா (10:08): மாமா கணக்குக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லாருக்கும் குடுத்து முடிக்கிறதா இருந்தா சரி. பாதில ஐ.பி. போற எண்ணம் வந்தா, மூணு மாசத்துக்குள்ள ஒருத்தருக்கு மட்டும் சலுகையா குடுத்ததை ரிசீவர் திரும்பக் கேக்கலாம். ஒரு பாதையை முடிவு பண்ணிட்டு இறங்கணும். வக்கீல் ஃபீஸ் கவலை இருந்தா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, கோர்ட் வளாகத்துலயே, 15100. நாத்தனாருக்கு வருமான வரம்பே இல்லாம இலவசம், பெண்ங்கிறதால.

மாலா (10:10): ரொம்ப நன்றிக்கா, மாமா. திங்கக்கிழமை கூட்டிட்டு வர்றேன். எதெல்லாம் எடுத்துட்டு வரணும்?

வக்கீல் அக்கா (10:12): எல்லா லோன் ஸ்டேட்மெண்ட், புரோ நோட்டு ஜெராக்ஸ் இருந்தா அது, சீட்டு பாஸ்புக், வில்லங்கம், செக் புக் அடிக்கட்டை. செக்கை அவர் பேங்க்ல போட்டுட்டாரா?

மாலா (10:17): கேட்டேன்க்கா. போட்டு ரிட்டர்ன் ஆகிடுச்சாம். வக்கீல் நோட்டீஸும் கைக்கு வந்துடுச்சாம், ஒன்பது நாள் ஆச்சு.

வக்கீல் அக்கா (10:18): நோட்டீஸ் கைக்கு வந்த நாள்ல இருந்து 15 நாள்தான் கட்ட டைம். இன்னும் ஆறு நாள் இருக்கு. திங்கக்கிழமை வேணாம், நாளைக்கு காலைல எட்டரைக்கே வீட்டுக்கு வரச் சொல்லு. கவரை கிழிச்சுப் போட்டுடாம எடுத்துட்டு வரணும், தபால் தேதி அதுலதான் இருக்கும்.