ஆஸ்பத்திரியில் தங்கிய பிறகுதான் தெரிந்த விஷயங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

திருச்சிக்காரி:
போன மாதம் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வயது 78. தனியார் ஆஸ்பத்திரியில் 11 நாள், கூட இருந்தது நான் மட்டும்.

காலையில் ஒரு சிஸ்டர், மதியம் வேறொருவர், ராத்திரி இன்னொருவர். எலும்பு டாக்டர், சர்க்கரை டாக்டர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து போவார்கள். எல்லா ஷிஃப்டிலும் கட்டிலோரம் இருந்தவள் நான் ஒருத்திதான். "வேற என்ன மாத்திரை எடுக்கிறார்?" என்று நாலு பேர் கேட்டார்கள். மூன்று பேரிடம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாலாவதாக வந்த மயக்க மருந்து டாக்டர், "ரத்தம் உறையாம இருக்க ஏதாவது?" என்று குறிப்பாகக் கேட்டார். அப்போதுதான் ஆறு வருஷம் முன்பு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்ததும், ரத்தம் உறையாமல் இருக்க அன்றிலிருந்து குளோபிடோக்ரெல் மாத்திரை போடுவதும் நினைவுக்கு வந்தது. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதாக இருந்தார்கள். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது அப்படிப் போட்டால் தண்டுவடத்துப் பக்கம் ரத்தம் கட்டலாமாம். முழு மயக்கம் கொடுத்துச் செய்தார்கள். எனக்குக் கை நடுங்கியது. அன்று சாயங்காலமே 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, எந்த மருந்து எப்போது, யார் என்ன சொன்னார்கள் என்று எழுத ஆரம்பித்தேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ராத்திரி அப்பா ஏதோ பஸ்ஸில் போவதுபோல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "துவரங்குறிச்சி வந்தாச்சா, இறங்கணும்" என்றார். நான் யார் என்றே தெரியவில்லை. புத்தி பேதலித்துவிட்டது என்று அழுதுகொண்டிருந்தேன். ராத்திரி சிஸ்டர் சின்னப் பெண். "பயப்படாதீங்கக்கா, ஆபரேஷன் முடிஞ்ச பெரியவங்களுக்கு இது வரும். அவர் கண்ணாடி எங்க? காது மிஷின்?" என்றாள். இரண்டும் தொலைந்துவிடக் கூடாதென்று என் பையில் பூட்டி வைத்திருந்தேன்! எடுத்து மாட்டினோம். டாக்டருக்கும் தகவல் சொல்லி ரத்தத்தில் உப்பு அளவும் சிறுநீரும் பார்த்தார்கள், பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வரவைத்தார்கள். இரண்டு நாளில் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டார்.

உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

கோவைத்தம்பி:
அக்கா, நான் பணக் கதை சொல்கிறேன். அம்மாவுக்கு 3 லட்சத்துக்கு மருத்துவக் காப்பீட்டு பாலிசி. அறை வாடகை ஒரு நாளைக்கு அந்தத் தொகையில் 1 சதவீதம் வரைதான், அதாவது 3,000 ரூபாய் என்று அதில் போட்டிருக்கிறது. நான் படிக்கவில்லை. ஏசி வேண்டும் என்று 6,000 ரூபாய் அறை எடுத்தேன். விஷயம் தெரிந்தபோதுகூட, மிச்ச 3,000-ஐ கையிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். பில் வந்தபோது டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்சிங் சார்ஜ் எல்லாவற்றிலும் பாதிதான் கொடுத்திருந்தார்கள். வாடகை எந்த விகிதத்தில் மீறுகிறதோ அதே விகிதத்தில் இவற்றையும் வெட்டுவார்களாம். மருந்து, இம்ப்ளான்ட் (உடம்புக்குள் வைக்கும் பிளேட், ஸ்க்ரூ மாதிரி), டெஸ்ட், ஐசியூ சார்ஜ் ஆகியவற்றில் அப்படி வெட்டக் கூடாது என்பது விதி. எனக்கு மருந்திலும் வெட்டியிருந்தார்கள். எழுதிக் கேட்ட பிறகு அது மட்டும் திரும்ப வந்தது.

இன்னொன்று. காலை 10 மணிக்கு டிஸ்சார்ஜ் என்றார்கள், வெளியே வந்தது ராத்திரி 7 மணிக்கு. காப்பீட்டுக் கம்பெனி 3 மணி நேரத்துக்குள் டிஸ்சார்ஜ் அனுமதி தர வேண்டும் என்று 2024-இல் ஐஆர்டிஏஐ (காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையம்) சொல்லிவிட்டது. ஆனால் அந்த 3 மணி நேரக் கணக்கு ஆஸ்பத்திரி பில்லை அனுப்பிய பிறகுதான் ஆரம்பம். எங்கள் பில் 4 மணி வரை கீழே கவுன்டரிலேயே கிடந்திருக்கிறது. நான் மேலே உட்கார்ந்து கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்:
30 வருஷம் வார்டில் இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். ஒருமுறை ஒரு பையனுக்கு காலை 8 மணிக்கு தியேட்டர். அவன் மாமியார் 5 மணிக்கு, "வெறும் வயித்தோட எப்படி அனுப்புறது" என்று பால் டீ கொடுத்திருக்கிறார். கேட்டால் இல்லை என்கிறார். லாக்கர் மேல் பாலாடை படிந்த டம்ளர்! ஆபரேஷன் மதியத்துக்குப் போனது. தெளிந்த தண்ணீர் என்றால் பொதுவாக 2 மணி நேரம் முன்பு வரை விடுவார்கள், பாலும் திட உணவும் 6 மணி நேரம். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்குத்தான் இத்தனை கெடுபிடி. ஏற்கெனவே குடித்துவிட்டால் திட்டு விழும் என்று மறைக்காதீர்கள்.

அப்புறம் வென்ஃப்ளான் (மருந்தும் குளுக்கோஸும் ஏற்ற கையில் குத்தி வைக்கும் ஊசிக் குழாய்) போட்ட இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, எரிந்தாலோ ரவுண்ட்ஸ் வரும்வரை பொறுக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். "சிஸ்டர் பாவம், எத்தனை தடவை கூப்பிடறது" என்று நினைக்கும் நல்லவர்களுக்குத்தான் கை வீங்குகிறது.

மதுரைக்காரன்:
எனக்கு அரசு ஆஸ்பத்திரி, கால் எலும்பு முறிவு. வைத்தியத்தில் குறையே இல்லை. ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் மட்டும் "ஏதாவது பாத்துச் செய்யுங்க" என்று நின்றார். கொடுத்தேன், இன்னும் மனசுக்கு ஒப்பவில்லை.

"இங்கே இலவசம்தானே" என்று முதல்வர் காப்பீட்டு அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அங்கேயும் கேட்டார்கள். அட்டை இருந்தால் நம் சிகிச்சைக்கு அந்த ஆஸ்பத்திரிக்கே திட்டத்திலிருந்து பணம் வருமாம். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. தம்பி பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் எடுத்துவந்தான். ரேஷன் கார்டு, ஆதார், அட்டை மூன்றும் ஒரு கவரில் இருக்கட்டும். வாளி, தண்ணீர் மொள்ள மக், துணைக்கு இருப்பவருக்குப் பாய், இவையும் மறக்க வேண்டாம்.

திருச்சிக்காரி:
சிஸ்டரம்மா, எங்களுக்கும் அந்த வீக்கம் வந்தது, நானும் அந்த "நல்லவள்"தான்.

ஒன்று விட்டுப்போனது. கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியை நோட்டோடு வைத்து வரி வரியாகப் பார்த்தேன். குளோபிடோக்ரெல் அதில் இல்லை. நிறுத்தியதா, மறந்ததா என்று கேட்டேன். டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "எழுதியிருக்கணும்மா" என்று பேனாவை எடுத்தார்.

அப்பா இப்போது வாக்கரோடு திண்ணை வரை வருகிறார். துவரங்குறிச்சி பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் நான் கட்டுக்கதை சொல்கிறேன் என்கிறார்.