கிளினிக்கல் சோஷியல் வொர்க்கரை எப்படித் தேடுவது?

பின்னிரவு:
அம்மா படுத்த படுக்கையாகி ஒன்றரை வருடம் ஆகிறது, பார்த்துக்கொள்வது நான் மட்டும்தான். நான்கு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் அம்மா மேல் எரிந்து விழுகிறேன், அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர் யாரையாவது பாருங்கள் என்றார். சமூகப் பணியாளர் என்றால் உதவித்தொகைக்கு மனு எழுதித் தருபவர் என்றே இதுவரை நினைத்திருந்தேன். அவர்களிடம் மனசு விட்டுப் பேசலாமா? நல்லவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆலமரம்:
தாராளமாகப் பேசலாம். நான் இந்தத் துறையில்தான் இருக்கிறேன். சமூகப் பணியில் முதுகலை படித்து, அப்புறம் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் மனநல சிகிச்சை தந்து பழகியவர்கள் இவர்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் 3,000 மணி நேரம் அப்படி வேலை செய்து தேர்வும் எழுதினால்தான் உரிமம் கிடைக்கும். இந்தியாவில் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர் என்று தேடுங்கள், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது. மருந்து எழுதித் தர மாட்டார்கள், அது சைக்கியாட்ரிஸ்ட் வேலை. பேச்சு வழியாகத் தரும் சிகிச்சையோடு உங்கள் வீட்டு நிலைமையையும் சேர்த்துப் பார்ப்பார்கள்: இரவில் அம்மாவுக்காக எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், பாரத்தைப் பங்கு போட யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே கேள்வியாக வரும். உங்கள் நிலைமைக்கு அதுதான் தேவை என்று எனக்குப் படுகிறது.

தும்பைப்பூ:
என் அப்பாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் நானும் போனேன். முதலில் பார்த்தவரோடு ஒட்டவே இல்லை, நான் பேசி முடிப்பதற்குள் அறிவுரை வந்துவிடும். மூன்று முறை போய்விட்டு நிறுத்தினேன், இனி யாரிடமும் போவதில்லை என்று ஐந்து மாதம் வீணாக்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், ஒத்துவரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் தடவை போனிலேயே கேட்டுவிடுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள், நோயாளியைப் பராமரிப்பவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, கட்டணம் எவ்வளவு, குறைக்க வழி உண்டா. தயங்காமல் பதில் சொல்பவராக இருந்தால் போய்ப் பாருங்கள். நாம் சொல்வதை வெளியே சொல்ல மாட்டார்கள், உயிருக்கு ஆபத்து மாதிரியான சில சூழ்நிலைகளில் மட்டும் விதிவிலக்கு. அதையும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கரிசல்:
ஒன்று மட்டும். செத்துப்போகலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் சோஷியல் வொர்க்கர் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், இல்லையென்றால் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

பின்னிரவு:
அந்த எண்ணம் இல்லை, களைப்புதான். கேட்டதற்கு நன்றி. டாக்டரிடம் இரண்டு பேர் விவரம் வாங்கியிருக்கிறேன். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்பதுதான் இப்போது குழப்பம்.

ஆலமரம்:
வீடியோவில் பார்ப்பார்களா என்று கேளுங்கள், இப்போது நிறைய பேர் பார்க்கிறார்கள். முக்கால் மணி நேரம் போல ஆகும், அம்மா தூங்கும் நேரமாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.